கூடைப் பழமும் பாக்கெட் தேதியும்

பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
(ஆமோஸ் 8:4-7, 1 திமொத்தேயு 2:1-8, லூக்கா 16:1-13)



இன்றைய வாசகங்களில் மளிகைக் கடை வாசனை அடிக்கிறது. நற்செய்தியில் எண்ணெயும் கோதுமையும் வருகின்றன. வேலை போகப்போகிறது என்று தெரிந்துகொண்ட ஒரு வீட்டுப் பொறுப்பாளன், கடன்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சீட்டில் எண்ணை மாற்றி எழுதச் சொல்கிறான். நூறு குடம் எண்ணெய் ஐம்பதாகிறது. நூறு மூடை கோதுமை எண்பதாகிறது. முதல் வாசகத்திலோ மரக்கால் சிறிதாகிறது, எடைக்கல் கனக்கிறது, தராசு பொய் சொல்கிறது. கடைசியில் கோதுமையோடு பதரும் காசாகிறது.

ஆகவே இன்று நானும் கடையை விட்டு வெளியே போகாமலே பேசப்போகிறேன். பாக்கெட்டின் ஓரத்தில், மடிப்புக்குள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அச்சடித்திருக்கிறதே காலாவதித் தேதி, அதைப் பற்றி. கோயிலில் நின்று பேச வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று பின்வரிசையில் யாருக்காவது தோன்றினால், அந்தக் கேள்வியை ஆமோசிடம் கேட்டுக்கொள்ளலாம். பதரைப் பற்றி ஆண்டவருடைய வாக்காகவே பேசியவர் அவர்.

ஆமோஸ் யார்? தெக்கோவா ஊர்க்காரர். கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் எரொபவாம் ஆண்ட காலத்தில் வாழ்ந்தவர். ஆடு மேய்த்தார், காட்டத்தி மரங்களைப் பராமரித்தார். அந்த அத்திக்கு ஒரு பக்குவம் உண்டு. காயை முனையில் லேசாகக் கீறிவிட்டால் சில நாட்களில் பழுத்துவிடும். பழுத்தபின் காத்திருக்காது; பறிக்க வேண்டிய நாளில் பறித்தாக வேண்டும். இப்படி நாள் கணக்கிலேயே பிழைத்த ஒருவருக்குக் கடவுள் என்ன காட்சி கொடுத்தார் தெரியுமா? இன்று நாம் கேட்ட பகுதிக்குச் சற்று முன்னால், அதே 8ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஒரு கூடை கனிந்த பழத்தைக் காட்டுகிறார். நமக்கு அது பார்க்க அழகான காட்சி. பழ வியாபாரம் தெரிந்தவருக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். இன்றைக்குள் போகாவிட்டால் நாளை மாட்டுக்குத்தான். இஸ்ரயேலுக்கும் நாள் முடிந்துவிட்டது என்கிறார் ஆண்டவர். இஸ்ரயேல் என்ற அந்த வட அரசின் தலைநகரான சமாரியா கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் விழுந்தது. ஒரு நாட்டுக்கே காலாவதி குறிக்கிற அந்தத் தீர்ப்புக்கு ஆமோஸ் இந்தப் பகுதியில் அடுக்குகிற குற்றச்சாட்டுகளில் படை, கோட்டை எதுவும் இல்லை. கடைக்கணக்குதான் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வணிகர்களும் நாள் பார்த்தவர்கள்தான். அமாவாசை எப்போது முடியும், ஓய்வுநாள் எப்போது கழியும், கடையை எப்போது திறக்கலாம் என்று விரல்விட்டு எண்ணினார்கள். உடம்பு வழிபாட்டில், மனம் கல்லாப்பெட்டியில். தங்கள் லாபத்துக்காக நாட்காட்டியைப் பார்த்தவர்கள், வாங்குகிறவனுடைய வயிற்றுக்காக ஒரு நாளும் பார்க்கவில்லை.

நம் கடைக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் இந்த விஷயத்தில் சுற்றி வளைக்காமல் பேசுகிறது. அதன் 27ஆம் பிரிவின்படி, தேதி முடிந்த சரக்கை அனுப்பினால் மொத்த வியாபாரி பொறுப்பு; விற்றால் கடைக்காரர் பொறுப்பு. லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 2020இல் தனி விதிகள் வந்தன. தயாரித்த அல்லது பாக்கெட் போட்ட தேதியும், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இருந்தாக வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் முதல், கண்ணாடிப் பெட்டியில் உதிரியாக விற்கிற இனிப்புகளுக்குக்கூட எந்த நாள் வரை நன்றாயிருக்கும் என்று எழுதிவைக்கச் சொன்னார்கள். லட்டுக்கும் தேதி கேட்கிற காலம் இது. அரசு இவ்வளவு சொல்லியும், தேதியைத் துடைத்துவிட்டுப் புதிதாக அடிப்பதையும், பழைய தேதியின் மேல் விலை ஸ்டிக்கரை ஒட்டுவதையும் நாம் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நூற்றை ஐம்பது என்று எழுதச் சொன்ன அதே புத்திதான் இது. சொல்லப்போனால் அந்த வீட்டுப் பொறுப்பாளன் தேவலை. அவன் மாற்றிய எண்ணால் கடன்பட்டவனுக்காவது பாரம் குறைந்தது. தேதியை மாற்றுகிறவனால் பச்சைக் குழந்தைக்குப் பேதி.

(வேதத்தில் இதற்கு நேர் எதிரான மோசடியும் உண்டு. யோசுவா 9ஆம் அதிகாரத்தில் கிபயோன் ஊரார் பக்கத்தில் இருந்துகொண்டே, வெகுதூரத்திலிருந்து வருகிறோம் என்று காட்ட, காய்ந்து பூசணம் பூத்த அப்பத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இஸ்ரயேலர் அப்பத்தைப் பார்த்தார்கள், நம்பினார்கள், ஆண்டவரைக் கேட்கவில்லை. உணவின் பழமையைக் காட்டி ஏமாற்றியவர்கள் இவர்கள். நம் காலத்துக்காரர்கள் அதை மறைத்து ஏமாற்றுகிறார்கள்.)

தேதி முடிந்த சரக்கு எங்கே போய்ச் சேரும்? மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்துப் பார்க்கிறவர்கள் வருகிற கடையில் அது விலைபோகாது. அதனால் படிக்கத் தெரியாதவரையும், படிக்க நேரமில்லாதவரையும், படித்தாலும் கேட்கத் துணியாதவரையும் தேடிப்போகிறது. சந்தையின் ஓரத்தில் பாதி விலைக்குக் குவித்துவைத்த பிஸ்கட், வேலைத்தளத்துப் பெட்டிக்கடை, பள்ளிக்கூட வாசலில் கிடைக்கிற ஜூஸ். ஒரு சோடிக் காலணிக்கு ஏழையை விலைபேசினார்கள் என்று ஆமோஸ் சொன்னபோது ஏதோ பழைய காலத்து அடிமை வியாபாரம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு ஒரு பிள்ளையின் குடலை விலைபேசுவது எந்தக் காலத்து வியாபாரம்?

கடை வைத்திருக்கிற நம் பங்குச் சகோதரர்களுக்கு இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். உங்கள் பக்கத்து நியாயமும் இருக்கிறது. மாதக் கடைசியில் டார்கெட் முடிக்க வேண்டும் என்று சேல்ஸ்மேன் இரண்டு பெட்டி கூடுதலாக இறக்கிவிட்டுப் போகிறார். எக்ஸ்பயரி ரிட்டர்ன் என்று கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் அண்ணாச்சி என்கிறார். அடுத்த மாதம் ஆளே மாறிவிடுகிறார். பெரிய கடைக்கு அந்த நஷ்டம் தூசு. சின்னக் கடைக்கு ஒரு நாள் லாபம் முழுவதும் அதில் போய்விடும். ஆனாலும் அந்த நஷ்டத்தை உங்களை நம்பி வருகிற ஒரு பாட்டியின் பைக்குள் தள்ளிவிட உங்களுக்கு உரிமையில்லை. தேதி முடிந்ததை அன்றைக்கே எடுத்து, விற்பனைக்கு அல்ல என்று எழுதிய தனிப் பெட்டியில் போடுங்கள். அலமாரியில் இருக்கிற வரை அது சோதனை. கை தவறியும் போகும், மனம் தவறியும் போகும். பெட்டியை இறக்குகிறவரும் டார்கெட் போடுகிற மேலாளரும் இதே கோயிலில் உட்கார்ந்திருக்கலாம். ஆமோஸ் அவர்களையும் சேர்த்துத்தான் பேசுகிறார்.

இனி வாங்குகிறவர்கள். நம் அம்மாமார்கள் சிலருக்குக் கடையில் நின்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவே கூச்சம். இத்தனை வருஷப் பழக்கம், அண்ணாச்சி என்ன நினைப்பார் என்று அப்படியே பையில் போட்டுக்கொள்வார்கள். அண்ணாச்சிக்கு அது அவமானமே இல்லை, உதவி. பத்துப் பேர் தேதி கேட்கிற கடை என்றால்தான் அவரும் சேல்ஸ்மேனிடம், இந்தச் சரக்கு இங்கே ஓடாது, எடுத்துக்கொண்டு போ என்று அழுத்திச் சொல்ல முடியும். நீங்கள் பேசாமல் வாங்கிவருகிற ஒவ்வொரு பழைய பாக்கெட்டும் அவருடைய வாயைக் கட்டுகிறது.

கண் தெரியாத பிரச்சினை போக, மொழிப் பிரச்சினை வேறு. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி; தமிழ் இருக்கலாம், இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதிலும் சில பாக்கெட்டில் கடைசித் தேதியை நேராகப் போடமாட்டார்கள். பாக்கெட் போட்ட நாளிலிருந்து இத்தனை மாதம் என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். பாக்கெட் போட்டது மார்ச், ஆறு மாதம் என்றால், இந்தச் செப்டம்பரோடு சரி. இந்தக் கூட்டல் நம் பாட்டிமார் எல்லாருக்கும் வராது. உறுதிபூசுதலுக்குத் தயாரிக்கிற பிள்ளைகளே, ஞானம் வேண்டும், அறிவு வேண்டும், இறையச்சம் வேண்டும் என்று தூய ஆவியின் கொடைகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறீர்கள். அடுத்த முறை ஆச்சி கடைக்குப் போகும்போது கூடப் போய்த் தேதியைப் படித்துச் சொல்லுங்கள். மனப்பாடம் செய்த கொடைகளில் ஒன்றாவது வேலை செய்கிறதா என்று எனக்கும் தெரியும்.

பால், தயிர் வாங்கும்போது ஒரு சின்ன விஷயம். கடைக்காரர் முதலில் வந்ததை முன்னாலும் புதிதாக வந்ததைப் பின்னாலும் அடுக்குவார். அது ஏமாற்று இல்லை. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்கிற முறை. விவரம் தெரிந்தவர்கள் முன்வரிசையைத் தொடமாட்டார்கள். முழங்கை வரை உள்ளே விட்டுப் பின்னாலிருந்து உருவுவார்கள். கைக்குழந்தைக்கு வாங்குகிறவர் உருவட்டும், ஊருக்குக் கொண்டுபோகிறவர் உருவட்டும். இன்று சாயங்காலமே காய்ச்சிவிடப்போகிற பாலுக்கு, நாளை வரை தேதி இருக்கிற முன்வரிசைப் பாக்கெட் போதாதா? அதை நாம் எல்லாரும் விட்டுவிட்டால் ஒன்று அது சாக்கடைக்குப் போகும், அல்லது நமக்குப் பின்னால் அவசரமாக வருகிறவர் பார்க்காமல் எடுத்துப்போவார். இதைப் பாவம் என்று சொல்லமாட்டேன். ஒப்புரவுக்கு யாரும் இதைக் கொண்டுவர வேண்டாம். ஆனால் பிறரன்பு என்பது ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கும்போதும் கூடவே வரலாம்.

தேதியைக் கண்டு மிரள்வதும் உண்டு. லேபிளில் சில நேரம் இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள். பெஸ்ட் பிஃபோர் என்றால் அந்த நாள் வரை ருசியும் மொறுமொறுப்பும் குறையாது என்று கம்பெனி சொல்கிறது. யூஸ் பை, எக்ஸ்பயரி என்றால் அதற்குமேல் உண்ணாதே என்று பொருள். பால், இறைச்சி, குழந்தை உணவு போன்றவற்றில் இரண்டாவதை மீறவே கூடாது. முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லாதீர்கள்; நோய்க்கிருமி இருந்தால் நாற்றம் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் அலமாரியில் இருக்கிற பிஸ்கட்டில் பெஸ்ட் பிஃபோர் நேற்றோடு முடிந்தது என்பதற்காக முழுப் பாக்கெட்டையும் குப்பையில் எறிகிற வீடுகளும் பெருகிவருகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்துவிட்டு, மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்துவைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அப்பத்தைப் பெருகச் செய்ய முடிந்தவருக்கே மிச்சத்தின் மேல் அவ்வளவு அக்கறை.

வீணாவதன் வேர் பெரும்பாலும் கடையில்தான் இருக்கிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற பலகையைப் பார்த்ததும் கை நீளும். எல்லா இலவசத்தையும் குறைசொல்லவில்லை. தேதி நெருங்கிவிட்ட சரக்கை நியாயமாகக் குறைத்து விற்பது நல்ல காரியம். அதை வாங்கி அந்த வாரமே சமைக்கிற வீட்டுக்கு லாபம். ஆனால் தேவைக்குமேல் வாங்கிக் குவித்தால் என்ன ஆகும் என்று விடுதலைப் பயணம் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. மன்னாவை மறுநாளைக்கென்று சேர்த்துவைத்தவர்களுக்குக் காலையில் புழு கிடைத்தது. நம் வீட்டு ரவை டப்பாவைத் திறந்தாலும் அந்த அதிகாரம் நினைவுக்கு வரும்.

இதெல்லாம் வீட்டுக்கும் கடைக்கும் சொன்னது. பீடத்திலும் தேதி பார்க்கிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. திருப்பலிக்கான அப்பம் தூய கோதுமையால், அண்மையில் செய்யப்பட்டதாக, கெட்டுப்போகும் அபாயம் சிறிதும் இல்லாததாக இருக்க வேண்டும். திராட்சை இரசமும் கெடாததாக இருக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் 924 இதைச் சொல்கிறது. 939ஆம் சட்டம் இன்னும் ஒரு படி போய், நற்கருணைப் பேழையில் வைத்திருக்கிற அப்பங்களை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும், பழையவற்றை முறைப்படி உட்கொண்டுவிட வேண்டும் என்கிறது. அதனால்தான் நம் கோயில்பிள்ளை அப்பப் பொட்டலம் வந்த நாளைக் குறித்துவைக்கிறார். இதில் ஆழமான ஒரு மறைபொருள் இருக்கிறது. அப்பம், இரசம் என்னும் வடிவங்கள் நிலைத்திருக்கும்வரை கிறிஸ்துவின் நற்கருணைப் பிரசன்னம் நிலைத்திருக்கிறது என்பதே நம் நம்பிக்கை. வானையும் மண்ணையும் படைத்தவர், பூசணம் பிடிக்கக்கூடிய ஒரு பொருளின் ஆயுளுக்குள் தம்மை அடக்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். உணவின் நாள்கணக்கைக் கடவுளே மதித்திருக்கும்போது நாம் அற்பமாக நினைக்கலாமா?

பழைய சட்டத்திலும் இதற்கு ஓர் இடம் உண்டு. லேவியர் 7ஆம் அதிகாரத்தில், நன்றிப் பலியின் இறைச்சியை அன்றே உண்ண வேண்டும். நேர்ச்சைப் பலியின் இறைச்சி மறுநாள் வரை நிற்கலாம். மூன்றாம் நாள் மிஞ்சினால் நெருப்பில் போட வேண்டும் என்று இருக்கிறது. மூன்றாம் நாளில் இறைச்சி கெட்டிருக்கும். பாலைவனத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் வழிவந்த மக்களிடம்தான், பெந்தக்கோஸ்து நாளில், பேதுரு எழுந்து நின்று, பலியான ஒருவருடைய உடல் அழிவைக் காணவில்லை என்று அறிவித்தார். அந்தச் சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

பீடத்துக்கு இவ்வளவு பார்க்கிற நாம், ஏழைக்குக் கொடுக்கும்போது பார்க்கிறோமா? இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு நேரமும் சுற்றிவந்தேன். போன கிறிஸ்துமசுக்கு முன்னால் ஏழைக் குடும்பங்களுக்கென்று நீங்கள் தாராளமாகக் கொடுத்தீர்கள். மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. பிரித்து அடுக்கும்போது சில பாக்கெட்டுகளைத் தனியே ஒதுக்க வேண்டியிருந்தது. தேதி முடிந்த சத்துமாவு. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து, வீட்டில் எல்லாரும் மறந்துபோன சாக்லேட். சிக்கெடுத்த எண்ணெய். கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை, அலமாரியைச் சுத்தம் செய்த கையோடு கொடுத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். வாங்குகிற குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அந்தத் தாய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பாள். நமக்கு இது போதும் என்று கோயிலில் நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் அதை ஒளித்துவைப்பாள். அல்லது வேறு வழியில்லாமல் அதையே கரைத்துக் கொடுப்பாள்.

மலாக்கி இறைவாக்கினர் காலத்தில் குருட்டு ஆட்டையும் நொண்டி மாட்டையும் பலிக்குக் கொண்டுவந்தார்கள்.  இதைக் கொண்டுபோய் உங்கள் ஆளுநருக்குக் கொடுத்துப்பாருங்கள், ஏற்றுக்கொள்வாரா என்று அவர் கேட்டார். நம் வீட்டுச் சம்பந்தி வரும்போது தட்டில் எதை எடுத்துவைப்போமோ, அதன் தேதியையும் ஏழைப் பையில் போடுகிறதன் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்று ஆண்டவர் சொன்னாரே, மிகச் சிறியதில் நேர்மையாக இருப்பவர் பெரியதிலும் நேர்மையாக இருப்பார் என்று. லேபிளில் அந்தத் தேதியைவிடச் சிறிய எழுத்து எனக்குத் தெரிந்து வேறில்லை.

வருகிற 27ஆம் தேதி புனித வின்சென்ட் தே பவுல் திருநாள். அவர் பெயரைத் தாங்கிய நம் சபையினர், வழக்கம்போல, ஏழைக் குடும்பங்களுக்கு மளிகைப் பொருள்கள் சேர்க்கிறார்கள். இந்த வாரம் சில மாற்றங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், சேமியா, சோப்பு எதுவானாலும் கொடுங்கள். உணவுப் பொருள் என்றால் குறைந்தது மூன்று மாதமாவது தேதி மீதி இருக்கட்டும், ஏனென்றால் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர நாளாகும். தேதி அதற்கும் குறைவாக இருந்து, பொருள் நன்றாகவும் இருந்தால், மூட்டையில் போடாதீர்கள். உங்கள் அன்பியத்தில் தேவைப்படுகிற வீட்டுக்கு நீங்களே நேரில் கொண்டுபோய், இந்த வாரத்துக்குள் சமைத்துவிடுங்கள் அம்மா என்று சொல்லிக் கொடுங்கள். பிரித்த பாக்கெட் வேண்டாம். கோயில் வாசலில் இளைஞர் குழு மேசை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தேதியைத் தேடிப் படித்து, வெளியே தெரிகிறபடி பெரிதாக மார்க்கரில் எழுதுவார்கள், வாங்குகிற ஆச்சிமாரும் படிக்கட்டும் என்று. தேதி முடிந்தது ஏதாவது வந்திருந்தால் உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். பெயர் எழுதமாட்டார்கள், காரணம் கேட்கமாட்டார்கள். பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்; அப்படிச் செய்யச் சொன்னது நான்தான்.

நம்பிக்கை அறிக்கைக்காக எழுந்து நிற்போம்.